பூட்டிய வீடுகளின் சாவி எங்களிடம் இருக்கிறது
பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வரும் காரைக்கால் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புப் பிள்ளைகளே,

ஆனி மாதத்தில் எங்கள் தெருவில் பூட்டுகளுக்கு எண்ணெய் விடுவோம். வருஷம் முழுக்கத் திறக்காத பூட்டு உப்புக்காற்றில் இறுகிப்போயிருக்கும். கோழி இறகை எண்ணெயில் தோய்த்துச் சாவித் துவாரத்துக்குள் விட்டு, கொஞ்சம் பொறுத்திருந்து, வலிக்காமல் திருப்பவேண்டும். கதவைத் தள்ளினால் வௌவால் நாற்றமும் ஈரச் சுண்ணாம்பு வாசனையும் ஒன்றாக வந்து முகத்தில் அடிக்கும். முற்றத்தைக் கழுவி, தொட்டியில் தண்ணீர் ஏற்றி, ஊஞ்சல் சங்கிலியின் துருவைத் தேய்த்து வைத்துவிட்டு வருவோம். நீங்கள் வந்து இறங்கும்போது விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும். வீடு எப்போதும் இப்படியேதான் இருந்தது என்று உங்களுக்குத் தோன்றும்.

எங்கள் தெருவில் மட்டும் அப்படி ஆறு வீடுகள். இரண்டின் சாவி என் பொறுப்பில் இருக்கிறது. 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் அப்பாக்களிலும் அம்மாக்களிலும் சிலர் என் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். உங்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது என்று தெரிந்தும் தமிழில்தான் எழுதுகிறேன். பாரிஸ் புறநகரில், சார்செலிலோ லா கூர்நேவிலோ, ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

போன வருஷம் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் கைப்பேசியில் தன் நண்பனிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். என்ன சொன்னாய் என்று கேட்டேன். மறைக்கவில்லை, நல்ல பிள்ளை. "இங்க பாக்க ஒண்ணுமே இல்ல டீச்சர்னு சொன்னேன்" என்றான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு வாரத்தில் அவனுக்குக் காட்டியதெல்லாம் திருநள்ளாறு, வேளாங்கண்ணி, கும்பகோணத்துப் பட்டுக்கடை, பிறகு சொந்தக்காரர் வீடு வீடாக ஒரு டம்ளர் ஃபாண்டா. அதே பையன் பார்சலோனாவில் நாலு நாள் நடந்த கதையைச் சொல்லச் சொன்னால் கண் விரியச் சொல்கிறான். எந்த மியூசியம், எந்தத் தெரு, கடற்கரையில் எந்தப் பக்கம் குளிக்கலாம் என்று ஒவ்வொன்றும் அவனுக்கு மனப்பாடம். அந்த நடையில், அந்தக் கண்ணோடு அவன் தாத்தா ஊரிலும் ஒரு நாள் நடக்கலாமே என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த நினைப்புத்தான் இந்த மடல்.

பாரதியார் சாலையில் காரைக்கால் அம்மையார் கோயிலிலிருந்து தொடங்குங்கள். அம்மையாரின் இயற்பெயர் புனிதவதி. கணவன் பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகர் மகன். கடையிலிருந்து அவன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்கு அவள் படைத்துவிட்டாள். மற்றதைச் சாப்பிட்ட கணவன், ருசியாக இருக்கிறது, இன்னொன்றையும் கொண்டுவா என்றான். அவள் சிவனை நினைத்துக் கையேந்தினாள். கையில் ஒரு கனி வந்தது. இவள் சாதாரணப் பெண் இல்லை என்று பயந்துபோன அவன், வாணிபத்துக்கென்று சொல்லிக் கப்பலேறினான். திரும்பிவந்தவன் இந்த ஊருக்கு வரவே இல்லை. பாண்டிநாட்டுக் கடற்கரைப் பட்டினம் ஒன்றில் வேறு கல்யாணம் செய்து, பிறந்த பெண்ணுக்கு இவள் பெயரையே வைத்தான். விஷயம் தெரிந்ததும் இவள் தன் அழகையெல்லாம் உதறி, பேயுருக் கேட்டு வாங்கிக்கொண்டு, காலால் மிதிக்கக்கூடாத மலை என்று கயிலைக்குத் தலையால் நடந்தாள். எங்கள் ஊரின் முதல் கதையே கப்பலேறிப் போனவனையும் கரையில் நின்றவளையும் பற்றியதுதான். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். முன் பெஞ்சுப் பிள்ளைகளில் பாதிப்பேரின் அப்பா பிரான்சில் இருப்பார்.

ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா வரும். உங்களுக்குப் பள்ளிக்கூடம் ஜூலை முதல் வாரத்தில்தான் முடிகிறது. சில வருஷம் கிடைக்கும், சில வருஷம் தவறும். கிடைக்கும் வருஷத்தில் விட்டுவிடாதீர்கள். பிச்சாண்டவர் பவழக்கால் சப்பரத்தில் வீதியுலா வரும்போது வேண்டுதல் நிறைவேறினவர்கள் மாடியிலிருந்து கூடை கூடையாக மாம்பழத்தை இறைப்பார்கள். கீழே முந்தானையை விரித்துப் பிடிக்கிற பெண்களில் குழந்தைக்காக ஏங்குகிறவர்கள் பலர். தோளில் விழும் பழத்தின் அடி, காலடியில் நசுங்கும் பழத்தின் சாறு, தெரு முழுக்க அந்த மணம். வீட்டுக்கு வந்து குளித்தாலும் தலைமுடியில் நிற்கும். இதை எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் வைக்கமுடியாது.

கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மையார் இருக்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்திலும், அமெரிக்காவின் கான்சாஸ் நகரத்து நெல்சன் அட்கின்ஸ் மியூசியத்திலும் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கிறார். விலா எலும்பு தெரிய, வற்றிய மார்போடு, கையில் தாளத்தோடு. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடுகிற நடராசரின் காலடியில் கல்லில் இருக்கிறார். கம்போடியாவில் 967-இல் எழுப்பிய பாந்தேய் ஸ்ரே கோயில் வாசல் முகப்பில், ஆடும் சிவனுக்குப் பக்கத்தில் ஒட்டி உலர்ந்த உடம்போடு உட்கார்ந்திருப்பவரும் அவர்தான் என்கிறார்கள். நம் ஊரிலிருந்து கடல் தாண்டிப் போனவர்களில் அவர்தான் மூத்தவர். பாரிஸில் கீமே மியூசியத்துக்கு வகுப்போடு போயிருப்பீர்கள். அங்கே இருக்கும் சோழர்காலத்து நடராசரை மறுபடி பார்க்கும்போது அந்தக் காலடியில் எங்கள் ஊர்க்காரிக்கு ஓர் இடம் உண்டு என்பது உங்களுக்கு நினைவு வரட்டும்.

கோயிலிலிருந்து நடந்தே எல்லாம் பார்க்கலாம். தேற்றரவு அன்னை ஆலயம், மஸ்தான் சாகிப் தர்கா, கைலாசநாதர் கோயில் எல்லாம் ஒருவர் கூப்பிட்டால் மற்றவருக்குக் கேட்கும் தூரம் என்று எங்கள் அப்பா சொல்வார். தர்காவின் கந்தூரிக் கொடி போகும்போது எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நிற்கும். வழியில் வாடா சுடும் கடை கண்ணில் பட்டால் சூடாக வாங்கித் தின்னுங்கள். அரிசி மாவும் இறாலும் சேர்ந்த அந்தத் தின்பண்டம் இந்தக் கடற்கரைக்கே உரியது.

போர்வீரர் நினைவுத் தூணுக்கு முன்னால் ஒரு நிமிஷம் நில்லுங்கள். ஜூலை 14 அன்று நீங்கள் ஊரில் இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள். நெஞ்சில் மெடல் குத்திக்கொண்டு, வெள்ளைச் சட்டையில், கைத்தடி ஊன்றி வருகிற கிழவர்களைப் பார்ப்பீர்கள். நாங்கள் 'சொல்தா' என்று சொல்வோமே, அந்தப் பிரெஞ்சு ராணுவத்தார். வருஷத்துக்கு வருஷம் எண்ணிக்கை குறைகிறது.

1739-இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஊரைப் பெற்றார்கள். இடையிடையே ஆங்கிலேயர் பிடித்ததும் திருப்பிக் கொடுத்ததும் போக, 1954 நவம்பர் 1 வரை அவர்கள் ஆட்சி. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடந்தது. அதற்குப்பின் 6 மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக்கொடுத்தவர்கள் அதை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் சிவப்புக் கடவுச்சீட்டின் வேர் பெரும்பாலும் அந்த 6 மாதத்தில்தான் இருக்கிறது. உங்கள் கொள்ளுத்தாத்தா எந்தக் கிழமை, யாரோடு போய்க் கையெழுத்துப் போட்டார், பாட்டி அன்றைக்கு அழுதாளா என்று கேட்டிருக்கிறீர்களா?

அதற்கு நூறு வருஷம் முன்பே இங்கிருந்து போனவர்களுக்கு எழுதிக்கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருக்கவில்லை. பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை 1848-இல் ஒழிந்தபின் அங்கே கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கூலிக்கு ஆள் எடுத்தார்கள். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய ஔரேலி என்ற கப்பல் 1853 மே 6-இல் மார்த்தினிக்கின் சான் பியேர் துறையை அடைந்தது. அடுத்த வருஷக் கடைசியில் அதே கப்பல் குவாதலூப்புக்குப் போனது. உங்கள் வகுப்பில் முத்துசாமி, வீராசாமி என்று குடும்பப்பெயர் உள்ள அந்தத் தீவுப் பிள்ளை யாராவது இருந்தால், அவன் முன்னோர் கடைசியாக மிதித்த இந்தியமண் இந்தக் கரையாகக்கூட இருக்கலாம். அவனிடம் சொல்லுங்கள். யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

இனி, நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன்.

என் பொறுப்பில் இருக்கும் வீடு ஒன்றின் பாட்டி, கண் மங்கிய பிறகும் ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்று மகள் வீட்டில் இருக்கிறாள். இரண்டு வருஷம் முன் பேத்தி வந்தாள், 16 வயசு. மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று மச்சிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கினோம். மேலே ஜரிகை கறுத்த புடவை, அடியில் காகிதக் கட்டு. நாலாக மடித்த ஒரு தாள், மடிப்பெல்லாம் கிழிந்து, மை பழுப்பேறிப் போயிருந்தது. மூலையில் வட்ட முத்திரை. அதில் எனக்குப் படிக்க முடிந்தது 'காரிக்கால்' என்ற ஒரு சொல் மட்டும். பிரெஞ்சுக்காரர்கள் ஊர்ப்பெயரை அப்படித்தான் எழுதினார்கள். பாட்டிக்கு அதுவும் தெரியாது. 70 வருஷமாக அந்தப் பெட்டியைக் காத்தவள், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே காத்திருக்கிறாள்.

பேத்தி தாளை வெளிச்சத்தில் பிடித்து, சாதாரணமாக, மளிகைச் சீட்டு வாசிப்பதுபோல வாசித்தாள். பிறந்த ஊர் காரைக்கால். அப்பா பெயர், அம்மா பெயர். பிறகு நின்று, "தொழில்: கார்தியேன் த ஃபார்" என்றாள். அப்படியென்றால் என்ன என்று நான் கேட்டேன். அவளுக்குத் தமிழ்ச் சொல் கிடைக்கவில்லை. கையைத் தலைக்குமேல் தூக்கி விரலை விரித்து மூடி விரித்து மூடிக் காட்டினாள். கலங்கரை விளக்கத்துக் காவலாளி.

அந்தக் குடும்பத்தில் எல்லோரும், நான் உட்பட, பாட்டியின் அப்பாவுக்குச் சைகோனில் பெரிய ஆபீசர் உத்தியோகம் என்றே நினைத்திருந்தோம். பாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "அதாண்டி. ஊருக்கு வந்தப்புறமும் எங்கப்பா பொழுது சாஞ்சா கடக்கரைக்குப் போயிடுவாரு. வெளக்கு எரியுதான்னு பாத்துட்டு வந்துதான் சோறு திம்பாரு. கிறுக்குன்னு எங்கம்மா திட்டும்." பாட்டியிடம் பாதிக் கதை இருந்தது, பெட்டிக்குள் மீதிக் கதை இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் 70 வருஷம் ஒன்றையொன்று சந்திக்காமல் கிடந்திருக்கின்றன. சேர்த்து வைக்க அந்தப் பெண் வரவேண்டியிருந்தது.

பிள்ளைகளே, எங்களுக்குப் பிரெஞ்சு போய்விட்டது. இங்கே படித்த என் தலைமுறைக்குத் தமிழும் இங்கிலீஷும்தான். பிறப்புப் பதிவு, கல்யாணப் பதிவு, நொத்தேர் எழுதிய கிரயப் பத்திரம், பான்சியோன் புத்தகம், சைகோனிலிருந்து வந்த கடிதம் என்று பழைய வீட்டுப் பெட்டிகளில் கிடப்பதெல்லாம் எங்களுக்கு ஊமைக் காகிதங்கள். உங்களுக்கு அது வாய்மொழி. ஆனால் அந்தக் காகிதத்தில் இருக்கும் ஒரு பெயர் எந்தத் தெருவில் எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. பாட்டிக்குத் தெரியும், எனக்குக் கொஞ்சம் தெரியும். இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்தால்தான் அது வாசிப்பு.

காலம் அதிகம் இல்லை. போன தையில் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு விலைபோனது. தூண், உத்திரம், கதவு நிலை எல்லாவற்றையும் விலை பேசிப் பிரித்து எடுத்துப்போனார்கள். மூன்று பெட்டிக் காகிதம் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போனது என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். ஓடினேன், பிந்திவிட்டது. யாரையும் குற்றம் சொல்லமாட்டேன். விற்றவர்கள் தூரத்தில், வாங்கியவர்களுக்கு அது குப்பை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. திருநள்ளாற்றுக்குப் போகிறீர்கள் அல்லவா, சனீஸ்வரன் சந்நிதியோடு திரும்பிவிடாதீர்கள். மதுரையில் அனல்வாதத்தில் ஞானசம்பந்தர் நெருப்பில் இட்டும் கருகாமல் பச்சையாக இருந்த ஏடு அந்தத் தலத்துப் பதிகம் எழுதிய ஏடு. பச்சைத் திருப்பதிகம் என்றே அதற்குப் பெயர். உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும் தாளுக்கு அந்த வரம் கிடையாது. கரையானுக்கு ஒரு மழைக்காலம் போதும்.

கடற்கரைக்கு விடியற்காலையில் போங்கள், சாயங்காலக் கூட்டத்தில் அல்ல. அரசலாற்றுக் கரையோரமே நடந்தால் ஒருபக்கம் ஆறு, மீன்பிடித் துறைமுகம், கட்டிக்கிடக்கும் விசைப்படகுகள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகெல்லாம் கடலுக்குப் போய்வரும் நாட்களில்தான் நீங்கள் வருவீர்கள். மேட்டூர் அணை திறந்தால் காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை நாங்கள். அரசலாற்றில் புதுத்தண்ணீர் கலங்கலாக இறங்கிக் கடல்நீலத்தில் ஒரு கோடு போடுவதை முகத்துவாரத்தில் நின்றால் பார்க்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலும் காரைக்காலுக்கு 7 டி.எம்.சி. என்று எழுதியிருக்கும் தண்ணீர் அதுதான். காலை மட்டும் நனையுங்கள். மணல் சட்டென்று சரியும் கரை இது. முகத்துவாரத்தில் ஆறும் கடலும் இழுக்கிற இழுப்பு நீச்சல் குளத்தில் பழகிய உடம்புக்குத் தெரியாது. மீனவர்கள் வேண்டாம் என்று கைகாட்டினால் மறுபேச்சு வேண்டாம்.

2004 டிசம்பர் 26 காலை இந்தக் கரையோர மீனவக் கிராமங்களில் நூற்றுக்கணக்கில் எடுத்துக்கொண்டு போனது இதே கடல். நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் அதில் உண்டு. வருஷா வருஷம் அன்றைக்குப் பாலும் பூவும் கடலில் விடுவோம்.

மியூசியம் என்று ஒன்றைக் கட்டாயம் பார்க்கவேண்டும் என்றால் தரங்கம்பாடிக்குப் பஸ் ஏறுங்கள். நண்டலாற்றுப் பாலம் தாண்டினால் தமிழ்நாடு. அரைமணி நேரப் பயணம். 1792-இல் கட்டிய வெள்ளை வாசலைக் கடந்து கடலைப் பார்த்து நடந்தால் டேனிஷ்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-இல் டென்மார்க்காரர்களுக்கு இடம் கொடுத்தார். 1845-இல் அவர்கள் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்துப் பாத்திரமும் பத்திரமும் இருக்கின்றன. வெளியே வந்தால் மாசிலாமணிநாதர் கோயில். 1300-களின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது, முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னேட்டில் எழுதிய கடிதத்தைக் கோபன்ஹேகனில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பொன் என்பதால் மட்டும் அல்ல. கடிதம் என்பதாலும்தான் என்று நம்புகிறேன்.

வெள்ளை வாசலிலிருந்து கோட்டைக்குப் போகும் தெருவிலேயே புதிய எருசலேம் ஆலயம், 1718-இல் கட்டியது. அதைக் கட்டிய பாதிரியார் சீகன்பால்கு உள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். 1706 ஜூலை 9-இல் வந்து இறங்கியபோது 23 வயசு, ஒரு தமிழ்ச் சொல் தெரியாது. பள்ளிக்கூட வாத்தியாரை வரவழைத்து, சின்னப் பிள்ளைகளோடு சமமாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி அ, ஆ கற்றார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. மணல் அங்கேயேதான் இருக்கிறது. ஆலயத்துக்கும் கடலுக்கும் இடையில் எங்காவது குந்தி உட்கார்ந்து உங்கள் பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத்து தெரியாவிட்டால் கூட வந்த யாரையாவது கேளுங்கள். நானே வந்தாலும் வருவேன்.

நேரம் மிஞ்சினால் தருமபுரம் யாழ்மூரிநாதர் கோயில், ஊரை ஒட்டியே இருக்கிறது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் யாழில் எல்லாப் பதிகத்தையும் வாசித்துவிடுவார் என்றிருந்தபோது, சம்பந்தர் இங்கே பாடிய பதிகம் யாழுக்குள் அடங்கவில்லை. உங்களில் வயலின், பியானோ கற்கிறவர்கள் அவசியம் போங்கள்.

ஒரு வேலை தருகிறேன். டீச்சர் என்றால் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடமாட்டேன். கிளம்புவதற்கு முன் உங்கள் வீட்டுப் பெட்டி எங்கே இருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்த முதல் வாரத்திலேயே திறந்துவிடுங்கள். கடைசி நாளில் சூட்கேஸ் கட்டும் அவசரத்தில் ஒன்றும் ஆகாது. மடித்த தாளை வலிந்து பிரிக்காதீர்கள். ஈரக்கை வேண்டாம். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுங்கள், முன்பக்கமும் பின்பக்கமும். பிறகு பாட்டியையோ ஆயாவையோ நன்னியையோ பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு வரி பிரெஞ்சில் வாசித்து, தெரிந்த தமிழில் சொல்லுங்கள். தப்பாக வந்தால் வரட்டும். அவர்கள் பேச ஆரம்பித்ததும் குறுக்கே பேசாமல் பதிவு செய்யுங்கள்.

எதிர்வீட்டு மச்சில் இன்னும் ஒரு மரப்பெட்டி திறக்காமல் இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் ஜூலை இரண்டாம் வாரம் வருகிறார்கள் என்று அவர்கள் அம்மா தொலைபேசியில் சொன்னாள். பெட்டிச் சாவி எங்கள் அடுக்களையில், அரிசிப் பானைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. மச்சில் பல்பு எரியாது. டார்ச் எடுத்துக்கொண்டு, உங்கள் பாட்டி மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்தபிறகு, நாலு மணிக்கு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தெரு டீச்சர்
காரைக்கால்